வலைப்பதிவால் பறிபோன வேலை

சொந்தப் பக்கத்தில் எழுதியதற்கு வேலை போகுமா? ஃபேஸ்புக் வருவதற்கு 2 ஆண்டுகள் முன்பே போயிருக்கிறது.

அமெரிக்காவில் வலைத்தள வடிவமைப்பாளராக இருந்த ஹெதர் ஆம்ஸ்ட்ராங், 2001-ல் 'டூஸ்' என்ற வலைப்பதிவைத் தொடங்கினார். உடன் வேலை பார்ப்பவர்களைப் பற்றியும் அதில் கிண்டலாக எழுதினார். விஷயம் நிர்வாகத்தின் காதுக்கு எட்டியது. 2002-ல் வேலை போயிற்று. இணையத்தில் எழுதி வேலையிழப்பதற்கு 'டூஸ்டு' என்றே ஒரு சொல் ஆங்கிலத்தில் புழங்க ஆரம்பித்தது.

பின்னாளில் அதே பதிவின் விளம்பர வருமானம் அவர் குடும்பத்தைத் தாங்கியது. ஆனாலும், தன்னைப் போல் முட்டாள்தனம் செய்யாதீர்கள் என்றுதான் வாசகர்களுக்கு அறிவுரை சொன்னார். 2023-ல் காலமானார்.

பக்கம் நம்முடையதுதான். அதில் வரும் சக ஊழியரின் கதை அவருடையது. அதை எழுத அவர் அனுமதி தந்தாரா என்பதே கேள்வி.