சபீர் பாஷாவைத் தெரியுமா?

பார்க்கிங்கில் பிள்ளைகள் பந்து உதைக்கிறார்கள் என்று புகார் வரும்போதெல்லாம் எனக்கு சபீர் பாஷா ஞாபகம் வருவார். நமக்குக் கால்பந்து என்றால் தூத்தூர் கடற்கரைதான், இவரோ சென்னைக்காரர்.

1990-களில் இந்திய அணியின் முன்கள வீரர். இந்தியன் வங்கிக்கு கோல் அடித்து, பிறகு அதே அணிக்குப் பயிற்சியாளரானவர். வங்கி வேலைதான் அன்று பந்தாட்டக்காரருக்குச் சோறு.

2018 மார்ச் 17-ல் சென்னையின் அணி, பெங்களூருவை அவர்கள் ஊரிலேயே 3-2 என வென்று ஐஎஸ்எல் கோப்பை வாங்கியபோது இவர் துணைப் பயிற்சியாளர். பேரெல்லாம் ஜான் கிரெகரிக்கு! 2022-ல் பண்டோவிச் பாதியில் விலகியதும் மீதி ஆட்டங்களை இவரிடம் கொடுத்தார்கள். அடுத்த சீசனுக்கு மறுபடியும் ஒரு வெளிநாட்டவர்தான்.

பின்பக்கத்துக் காலி மனை விஷயத்தை அடுத்த கூட்டத்தில் பேசலாம், வாருங்கள்.