நீதிமன்ற வாயிலில் கைது

1768-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் சட்ட அறிஞர் வில்லியம் பிளாக்ஸ்டன், தம் நாட்டுச் சட்டங்களைப் பற்றிய விளக்க நூலின் மூன்றாம் தொகுதியை வெளியிட்டார். உரிமையியல் வழக்குகளில் யார் யாரைக் கைது செய்யலாகாது என்று அதில் வரிசைப்படுத்துகிறார். இறைவழிபாடு நிகழ்த்திக்கொண்டிருக்கும் குரு அவர்களுள் ஒருவர். நீதிமன்றம் வரும் வழக்காடிகளும் சாட்சிகளும் வேறு சிலர். மன்றத்தினுள் மட்டுமன்று, வரும்போதும் திரும்பும்போதும் அவர்கள்மேல் கை வைத்தலாகாது. பீடத்தையும் நீதி இருக்கையையும் அருகருகே வைத்த இம்மரபு நம் சிந்தனைக்குரியது.

இப்பாதுகாப்பு அம்மனிதருடைய தகுதி கருதி அளிக்கப்பட்டதன்று. கடன்பட்டவராயினும் அவர் அஞ்சாது வந்து சாட்சி சொல்லவேண்டும். வாராவிடில் உண்மை நீதிபதியின் செவிக்கு எட்டாது. அமெரிக்காவும் இதனை ஏற்றது. வேற்று மாநிலத்திலிருந்து வழக்காட வந்தவரிடம் உரிமையியல் அழைப்பாணையைக் கொடுத்தல் முறையன்று என்று 1916-இல், ஸ்டூவர்ட் எதிர் ராம்சே வழக்கில், அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

கடனுக்காகக் கைது செய்யும் வழக்கம் ஒழிந்தபின் இம்மரபு பெரிதும் ஏடுகளில் உறங்கிற்று. அதை எழுப்பியது குடியேற்றச் சிக்கல். நாடு கடத்துவதற்காக ஒருவரைப் பிடிப்பது அமெரிக்கச் சட்டப்படி குற்றவியல் கைதன்று, உரிமையியல் கைதே. அதற்கான ஆணையில் நீதிபதியல்லர், துறை அலுவலரே கையொப்பமிடுகிறார். 2017 மார்ச்சில், நீதிமன்றங்களில் இத்தகைய கைதுகளை நிறுத்துமாறு கலிபோர்னியாவின் தலைமை நீதிபதி டானி கான்டில்-சகாவுயே நடுவண் அரசுக்குக் கடிதம் எழுதினார். அரசு இணங்கவில்லை. உள்ளே வருவோர் ஆயுதச் சோதனைக்கு உட்படுவதால் அங்குக் கைது செய்வதே ஆபத்துக் குறைந்தது என்றது.

வழக்குகள் எழுந்தன. 2019 ஜூனில் மாசச்சூசெட்ஸ் நீதிபதி இந்திரா தல்வானி இடைக்காலத் தடை விதித்தார். 2020 ஜூனில் நியூயார்க்கில் நீதிபதி ஜெட் ராகோஃப், 1952-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் பழைய மரபை நீக்கிவிடவில்லை என்று தீர்ப்புரைத்தார். ஆனால் அவ்வாண்டு செப்டம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் மாசச்சூசெட்ஸ் தடையை நீக்கியது. அம்மரபு தனியார் வழக்குகளில் வளர்ந்தது. அது அரசையே கட்டுப்படுத்தும் என்பது தெளிவாக்கப்படவில்லை என்பது அதன் வாதம். ஒரே வரலாற்றை இருவர் இருவகையாகப் படித்தனர்!

2020 டிசம்பரில் நியூயார்க் மாநிலம், நீதிபதியின் ஆணையின்றி இவ்வாறு கைது செய்வதைச் சட்டமியற்றித் தடுத்தது. 2021-இல் பைடன் அரசு விதித்த கட்டுப்பாட்டை 2025 ஜனவரியில் டிரம்ப் அரசு நீக்கியது. தம் வழக்கு விசாரணைக்கென்றே குடியேற்ற நீதிமன்றம் வந்தோர் அதன் நடைக்கூடத்திலேயே பிடிக்கப்பட்டனர். 2025 ஜூன் 20, உலக அகதிகள் நாளன்று, சிறுவயதில் வியட்நாமிலிருந்து அகதியாக வந்த சான் டியேகோ ஆயர் மைக்கேல் பாம், குருக்களுடன் அத்தகைய நீதிமன்றம் ஒன்றிற்குச் சென்று மக்களுடன் இருந்தார்.

குடியேற்றச் சட்டத்தை நிறைவேற்றும் உரிமை அரசுக்கு உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. எந்த இடத்தில் என்பதே வினா. சாட்சி வரத் தயங்கும் மன்றத்தில் இழப்பு அவருக்கு மட்டுமன்று. ஆவணமற்ற ஒருவர் அச்சத்தால் வாய்திறவாவிடில், ஆவணமுள்ளவரைக் கொன்றவனும் தப்பிவிடுவான். பழைய சட்டம் அந்த வாயிலைக் காத்தது அந்நியருக்காக மட்டுமன்று, அனைவருக்காகவுமே அன்றோ!