நீரோசைக்கு அப்பால்

சாரல் காலத்தில் குற்றாலத்து அருவியருகே நிற்பவருக்கு அடுத்தவர் பேச்சுக் கேளாது. நீரோசை எல்லாவற்றையும் விழுங்கிவிடும். நீரோசையைத் தேடிப்போய் வேறோர் ஓசையைக் கேட்டார் ஒருவர். அவ்வரலாற்றை நாம் அறிந்திருப்பது நன்று.

லென்னெக் என்னும் பிரெஞ்சு மருத்துவர் 1816இல் தாளைச் சுருட்டி நோயாளியின் நெஞ்சொலி கேட்டார். பின்னர் அதையே மரக்குழாயாகக் கடைந்தார். அவர் நண்பர் கெர்கராதெக் அக்குழாயைக் கருவுற்ற தாயின் வயிற்றில் வைத்தார். குழந்தை அசைகையில் பனிக்குடநீர் தளும்பும் ஓசையைக் கேட்பதே அவர் நோக்கம். காதில் விழுந்ததோ, கடிகாரம் போன்ற விரைந்த துடிப்பு! தாயின் நாடியைப் பிடித்துப் பார்த்தார், இரண்டும் ஒன்றல்ல. 1821 டிசம்பரில் பாரிசு மருத்துவக் கழகத்தில் இதனை அறிவித்தார். ஜெனீவாவில் மேயோர் 1818இலேயே வெறுங்காதால் அத்துடிப்பைக் கேட்டிருந்தார். எனினும் அதன் பயனை விரித்துரைத்தவர் கெர்கராதெக்கே.

அதுவரை தாயின் சொல்லே பெரிய சான்று. எலிசபெத்து தம் வயிற்றுக் குழந்தை துள்ளியதைத் தாமே உணர்ந்துதானே மரியாவிடம் சொன்னார்? பேறுவலி நீண்டு, தாய் சோர்ந்து, அசைவும் தெரியாமற்போனால், உள்ளே உயிருண்டா என்பதை மருத்துவர் ஊகித்தே முடிவு செய்தனர். குழந்தையைச் சிதைத்தெடுக்கும் கொடிய முடிவும் அவ்வூகத்தில் தொங்கிற்று. குழாய் வந்தபின் குழந்தையே தனக்குச் சாட்சியாயிற்று.

இன்று தென்காசியில் ஸ்கேன் எடுக்குமிடத்தில் அத்துடிப்பு ஒலிபெருக்கியில் கேட்கிறது. உடன்வந்த மாமியாரும் கேட்கிறார். ஆணா பெண்ணா என வெளியிடுவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் அறிவிப்புப் பலகையும் அங்கேயே தொங்குகிறது.