டக்: புயலில் ஜெயித்த வண்டி, புயலில் மூழ்கிய வண்டி

இன்னைக்கு எபிசோட் ஒரு லாரியைப் பற்றி. ரோட்டுல மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்துல ஓடும். அப்படியே கடல்ல இறங்கினா, படகு மாதிரி மணிக்கு 10 கிலோமீட்டர் போகும். பேர் டி-யு-கே-டபிள்யூ. இது ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியோட மாடல் கோடு, அவ்வளவுதான். சிப்பாய்கள் அதை 'டக்'னு, அதாவது வாத்துன்னு கூப்பிட ஆரம்பிச்சாங்க. அந்தப் பேரே நிலைச்சிடுச்சு.

1942-ல அமெரிக்க ராணுவத்துக்கு ஒரு தலைவலி. துறைமுகம் எதிரி கையில இருக்கு. கப்பல்ல வந்த சரக்கைப் படகுல இறக்கணும், மணல்ல மறுபடி லாரிக்கு மாத்தணும். இந்த இரட்டை வேலையை ஒரே வண்டி செஞ்சா?

பாய்மரப் படகு வடிவமைப்பாளர் ராட் ஸ்டீஃபன்ஸ், பிரிட்டிஷ் கடலோடி டென்னிஸ் புல்ஸ்டன், எம்ஐடி-யைச் சேர்ந்த லெப்டினன்ட் ஃப்ராங்க் ஸ்பியர் ஆகியோர் சேர்ந்து இதை வடிவமைச்சாங்க. லாரியைப் புதுசா உருவாக்கல. ஏற்கெனவே ஓடிக்கிட்டிருந்த ஆறு சக்கர ஜிஎம்சி லாரியைச் சுத்தி ஒரு படகு உடம்பைக் கட்டி, பின்னாடி ஒரு புரொப்பல்லர் வெச்சாங்க. உள்ளே கசியுற தண்ணியை வெளியேத்த பம்ப். டிரைவர் சீட்ல இருந்தபடியே டயர் காத்தைக் கூட்டவும் குறைக்கவும் வசதி. மணலுக்குக் காத்தைக் குறைக்கணும், ரோட்டுக்குக் கூட்டணும், இல்லையா?

ராணுவ அதிகாரிகளுக்கு இதுல பெருசா நம்பிக்கை இல்ல. அப்போ மாசசூசெட்ஸ்ல ப்ராவின்ஸ்டவுன் பக்கம், புயல்ல ஒரு கடலோரக் காவல் படகு மணல்திட்டுல மாட்டிக்கிச்சு. மத்த படகுகள் நெருங்க முடியாத அலை. டெமோவுக்காக அங்க வந்திருந்த டக் போய் ஏழு பேரையும் மீட்டுட்டு வந்துச்சு. எதிர்ப்பு அதோட அடங்கிடுச்சு. மொத்தம் சுமார் 21,000 வண்டிகள் தயாராச்சு. 1943-ல சிசிலி, 1944-ல நார்மண்டின்னு போர்க்களத்துல இறங்கின இடமெல்லாம் சரக்கு சுமந்தது.

ஆனா டக்குக்கு ஒரு எல்லை இருந்துச்சு. நார்மண்டியில ஒமாஹா கடற்கரைக்கு பீரங்கிகளை ஏத்திக்கிட்டுப் போன டக்குகள்ல பல, கொந்தளிப்புல மூழ்கிடுச்சு. பாரம் ஜாஸ்தி. தண்ணிக்கு மேல நிக்கிற உயரம் கம்மி. அலை ஒருமுறை உள்ளே ஏறினா, அப்புறம் பம்ப்பை மட்டும்தான் நம்பணும்.

போர் முடிஞ்சதும் மிச்சமான வண்டிகள் விற்பனைக்கு வந்துச்சு. 1946-லயே விஸ்கான்சின்ல சுற்றுலா சவாரி ஆரம்பம். வெயிலுக்கு மேல கூரை போட்டாங்க. சில வண்டிகளை நீளமாக்கி சீட்டும் கூட்டினாங்க. ஒவ்வொண்ணும் சின்ன மாற்றம்தான். ஆனா அந்த அடிப்படை பலவீனம் அப்படியே இருந்துச்சு.

1999-ல ஆர்கன்சாஸ் ஏரியில ஒரு டக் மூழ்கி 13 பேர் இறந்தாங்க. ஷாஃப்ட்டைச் சுத்தி இருக்கிற ரப்பர் உறை சரியா பொருத்தப்படல. தண்ணி ஏறினப்போ மேல இருந்த கூரை ஆட்களை உள்ளேயே அடைச்சிடுச்சு. விசாரணை நடத்தின தேசிய போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் தெளிவாச் சொன்னாங்க: தண்ணி நிறைஞ்சாலும் மிதக்கிற மாதிரி மாத்துங்க, அதுவரைக்கும் கூரையைக் கழட்டுங்க.

அது கட்டாயமாகல. 2018 ஜூலைல மிசௌரியில புயல் எச்சரிக்கை வந்த பிறகும் ஏரியில இறங்கின ஒரு டக் மூழ்கிடுச்சு. அதுலயும் கூரை இருந்துச்சு. 31 பேர்ல 17 பேர் இறந்துட்டாங்க. அதுக்கப்புறம் 2022 டிசம்பர்லதான் சட்டம் வந்துச்சு.

நம்ம சாஃப்ட்வேர் ஆளுங்களுக்கு இது பழக்கமான கதை. ஒரு வேலைக்காக எழுதின கோடு, வேற வேலைக்குப் போகும். மேல மேல ஃபீச்சர் சேரும். ரிவ்யூல சொன்ன கமென்ட் வருஷக்கணக்கா திறந்தே கிடக்கும். இங்க அந்த கமென்ட் திறந்து கிடந்த காலத்துல 17 உயிர் போச்சு. வண்டியை வடிவமைச்சவங்க மேல குறை சொல்ல முடியாது. போர்ல சரக்கு சுமக்கக் கட்டின வண்டியில குடும்பங்களை ஏத்தினப்போ, அதோட எல்லை என்னன்னு யாரும் மறுபடி கேட்கல. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.