தொலைவும் தாளமும்



இசைக்குழு ஒன்றில் தாளம் தவறினால், "முந்தியவர் யார்? பிந்தியவர் யார்?" என்றுதான் உடனே கேட்கிறோம். ஆனால் எவருமே பிழை செய்யாதிருக்கும்போதும் தாளம் தவறுவதுண்டு. அந்தப் பிழையோடு இசைவாணர்கள் ஏறத்தாழ நூற்றெழுபது ஆண்டுகளாக நடத்திவரும் போராட்டத்தின் வரலாற்றை இன்று உங்களுக்குச் சொல்ல விழைகிறேன்.

2020-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 25-ஆம் நாள் நாடெங்கும் ஊரடங்கு தொடங்கிற்று. கல்லூரி மாணவனான என் பேரன், தோழர் இருவரோடு சேர்ந்து ஒரு மெல்லிசைக் குழு நடத்திவந்தான். அவன் வயலின் வாசிப்பான், ஒருவன் கீபோர்டு, மற்றொருவன் தபேலா. மூவரும் ஒரே ஊரினர். ஆயினும் வீட்டுப் படி தாண்ட வழியில்லை. ஆகவே கைப்பேசியில் காணொலி அழைப்பின் வாயிலாக ஒத்திகை பார்க்க முற்பட்டனர். பாட்டு எடுத்த எடுப்பிலேயே நொண்டியது. "வயலின் பிந்துகிறது" என்றான் தபேலா வாசித்தவன். "தபேலாதான் இழுக்கிறது" என்றான் என் பேரன். மூன்றாம் நாள் சச்சரவு முற்றிவிட்டது. "தாத்தா, இனி அவனோடு சேர்ந்து வாசிக்கவே மாட்டேன்" என்று என்னிடம் வந்து நின்றான்.

எனக்கு என் பழைய பள்ளி மைதானம் நினைவுக்கு வந்தது. காலை வழிபாட்டில் பின்வரிசைப் பிள்ளைகள் எப்போதும் சற்றுப் பிந்தியே பாடுவார்கள். இளம் ஆசிரியனாக இருந்த நான் அவர்களைப் பலமுறை கடிந்துகொண்டேன். ஒரு நாள் நானே பின்வரிசைக்குச் சென்று நின்றேன். இப்போது முன்வரிசையல்லவா பிந்தியது! உண்மை அன்றுதான் விளங்கிற்று. ஒலி ஒரு விநாடியில் ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். 34 மீட்டர் தள்ளி நிற்பவனுக்கு முன்வரிசையின் பாட்டு விநாடியில் பத்தில் ஒரு பங்கு பிந்தி வருகிறது. அதைக் கேட்டு அவன் பாடுவது, முன்னால் நிற்கும் எனக்கு மேலும் அவ்வளவு பிந்தி வந்து சேர்கிறது. குற்றம் பிள்ளைகளுடையதன்று, இடைவெளியினுடையது.

இவ்வுண்மையை நன்குணர்ந்தவர் பிரெஞ்சு இசைமேதை பெர்லியோஸ். 1855-ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் நடந்த உலகப் பொருட்காட்சியின் பெருமண்டபத்தில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட கலைஞர்களை அவர் ஒருங்கே நடத்த வேண்டியிருந்தது. பிரஸ்ஸல்ஸ் நகரக் கைவினைஞர் ஒருவர் செய்த மின்தாளக் கருவி அவருக்குக் கைகொடுத்தது. அவர் வலக்கையால் தாளம் காட்டியவாறே இடக்கை விரலால் ஒரு கட்டையை அழுத்துவார். கம்பி வழியே மின்சாரம் பாய்ந்து, தொலைவில் இருந்த துணை நடத்துநர்களின் முன் ஒரு சிறு கோலை அசைக்கும். ஒலியின் மந்த நடையை மின்சாரத்தின் வேகத்தால் வென்றார் பெர்லியோஸ்.

1933-ஆம் ஆண்டு ஏப்ரல் 27-ஆம் நாள் இன்னொரு படி ஏறினர். பிலடெல்பியா இசைக்குழு தன் ஊரில் வாசித்த இசையை, பெல் ஆய்வுக்கூடத்தார் தொலைபேசிக் கம்பிகள் வழியே வாஷிங்டன் நகர மண்டபத்தில் ஒலிக்கச் செய்தனர். புகழ்பெற்ற ஸ்டொக்கோவ்ஸ்கி வாஷிங்டனில் அமர்ந்து, வந்த ஒலியை ஏற்றியும் இறக்கியும் செம்மைப்படுத்தினார். ஆயினும் அது ஒருவழிப் பாதை. தொலைவிலிருந்து கேட்கலாம், எதிர்வாசிக்க இயலாது.

1998-ஆம் ஆண்டு ஜப்பானில் நாகானோ குளிர்கால ஒலிம்பிக் தொடக்க விழாவில், செய்ஜி ஓஸாவா பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனியை நடத்தினார். பெய்ஜிங், பெர்லின், நியூயார்க், சிட்னி ஆகிய நகரங்களிலும் தென்னாப்பிரிக்காவிலும் இருந்த பாடகர்கள், செயற்கைக்கோள் வழியே அவர் கையசைவைக் கண்டு பாடினர். புவிநிலைச் செயற்கைக்கோள் ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் உள்ளது. ஒலி ஏறி இறங்கவே கால் விநாடி ஆகும். ஒவ்வோர் இடத்துத் தாமதமும் வேறு வேறு. அவற்றையெல்லாம் ஒரு கருவியால் சமன்செய்து, உலகெங்கும் இருந்தவர்கள் ஒரே பாட்டாய்க் கேட்கச் செய்தனர். கேட்டோர்க்கு அது ஒற்றைக் குரல். ஆனால் பாடியவர்கள் ஒருவர் குரலை மற்றவர் உரிய கணத்தில் கேட்டு இணைந்து பாடினாரில்லை.

எவ்வளவு தாமதத்தை நம் செவி பொறுக்கும்? ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் கிறிஸ் சேஃப் என்பாரும் உடனிருந்தோரும் இதை ஆராய்ந்து 2004-இல் வெளியிட்டனர். இருவரைத் தனித்தனி அறைகளில் அமர்த்தி, ஒருவர் கைதட்டலை மற்றவர் கேட்டுச் சேர்ந்து தட்டுமாறு செய்தனர். தாமதம் மிகச் சிறிதாயின் தாளம் மெல்ல ஓடத் தொடங்கியது, மிகுந்தால் தளர்ந்தது. பொதுவாக, விநாடியை ஆயிரம் கூறாக்கி அதில் 25 அல்லது 30 கூறு வரை தாமதித்தால் சமாளிக்கலாம். அஃது எட்டுப் பத்து மீட்டர் இடைவெளியில் நின்று வாசிப்பதற்கு ஒப்பாகும். அதற்கு மேற்பட்டால், ஒவ்வொருவரும் மற்றவர் பிந்துவதாக எண்ணித் தாமும் தயங்குவர், காலப்பிரமாணம் குலையும். என் பேரன் வீட்டில் நடந்த வழக்கு இதுவே.

காணொலி அழைப்பு உரையாடலுக்கென்று அமைந்தது. சொல் அறுந்துவிடாதபடி ஒலியைச் சற்றுத் தேக்கி வைத்தே அது தரும். ஒருவர் பேசும்போது மற்றவர் ஒலியை அடக்கும். நீண்ட வயலின் நாதத்தை இரைச்சலென்று நீக்கவும் கூடும். இசைக்கென்றே அமைந்த நிரல்கள் வேறு. ஸ்டான்போர்டில் பிறந்த ஜாக்டிரிப்பும், 2006-இல் தொடங்கிய ஜாமுலஸ் என்னும் நிரலும் தேக்கத்தைக் கூடியவரை குறைப்பவை. 2005-இல் வந்த நின்ஜாம் இதற்கு நேர்மாறான உபாயம் கண்டது. தாமதத்தைக் குறைக்காமல் முழு ஆவர்த்தன அளவுக்கு நீட்டிவிட்டது. பிறர் சென்ற சுற்றில் வாசித்ததைக் கேட்டுக்கொண்டே நாம் இந்தச் சுற்றை வாசிக்கிறோம்!

பிள்ளைகள் மூவரையும் அழைத்து இக்கணக்கைச் சொன்னேன். அவர்கள் ஜாமுலஸ் நிரலைக் கணினியில் ஏற்றினர். கம்பியில்லா இணைப்பை விடுத்து வடம் பூட்டினர். ஒலிவாங்கிக் காதணியையும் கம்பியுள்ளதாக மாற்றினர். நான்காம் நாள் பாட்டு ஓரளவு நேராக ஓடியது. அதைவிட எனக்கு மகிழ்ச்சி தந்தது, தபேலாக்காரனும் என் பேரனும் ஒருவரையொருவர் மன்னித்துச் சிரித்ததுதான்.

பின்னர் அவர்கள் நியூயார்க்கில் படிக்கும் நண்பன் ஒருவனையும் சேர்க்க விரும்பினர். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் செல்லும். சென்னையிலிருந்து நியூயார்க் 13,000 கிலோமீட்டருக்கு மேல். போய்ச் சேரவே ஆயிரத்தில் 65 கூறுக்குக் குறையாது. எந்தப் பொறியாளரும் இந்த எல்லையைத் தாண்ட முடியாது. எனவே அவன் தன் பகுதியைப் பதிவுசெய்து அனுப்பினான். இனிமையாகத்தான் இருந்தது. ஆயினும் அவன் பிடியைக் கேட்டு இவர்கள் மாறலாம். இவர்கள் வாசிப்பைக் கேட்டு அவன் மாற இயலாது. சேர்ந்திசை என்பது இருபுறமும் செவிசாய்ப்பது.

மாணவர்களே, அயலார் பிந்துகிறார் என்று தோன்றும்போது, நமக்கும் அவருக்கும் உள்ள இடைவெளியை முதலில் அளந்து பாருங்கள். பின்வரிசையில் போய் நின்று பாராதவரை நானும் அதைக் கற்கவில்லை.