நம் மலைப் பாதைகள் யார் போட்ட பாதைகள்?

 

கண்டியைச் சுற்றியுள்ள மலைகளில் மவுண்டன் பைக் ஓடும் பிள்ளைகள் இப்போது கூடி வருகிறார்கள். லீவு நாள் வந்தால் ஹந்தானை, கலஹா, லூல்கந்துர என்று கிளம்பிவிடுகிறார்கள். இன்னும் துணிந்தவர்கள் ஹுன்னஸ்கிரியவால் ஏறி, கோர்பெட்ஸ் கெப் தாண்டி மீமுரே வரை போகிறார்கள். நாள் முழுக்கப் போனுக்குள் குனிந்திருக்கும் பிள்ளை மூச்சு வாங்க மலை ஏறுவது நல்ல விஷயம். அதில் நமக்குச் சந்தோஷம்தான்.

ஆனால் அவர்கள் போடும் படங்களுக்குக் கீழே "நாங்க கண்டுபிடிச்ச புது ட்ரெயில்" என்று எழுதியிருக்கிறது. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். ஒரு பிளேன்ட்டி ஊற்றி வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

மவுண்டன் பைக் பிறந்தது 1970களில், அமெரிக்காவின் கலிபோர்னியாவில். டமல்பாயிஸ் மலையில் பழைய சைக்கிள்களை இறக்கி ஓட்டிய இளைஞர்கள் தொடங்கியது அது. அந்த விளையாட்டில் 'சிங்கிள் ட்ரெக்' என்றால் தனி மவுசு. நம் பாஷையில் ஒற்றையடிப் பாதை. அந்த ஒற்றையடிப் பாதைக்குக் கண்டியில் ஒரு பெரிய கதை இருக்கிறது.

*பாதையே கோட்டையாக இருந்த காலம்*

1660இல் பிடிபட்டு, 1679இல் தப்பிப் போகும் வரை கண்டி இராச்சியத்தில் சிறையிருந்த ரொபர்ட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலில் இந்தப் பாதைகளைப் பற்றி எழுதியிருக்கிறார். ஒருவர் பின் ஒருவராகத்தான் நடக்கலாம். முக்கியமான கணவாய்களில் முள்ளால் செய்த கதவுகள், அவற்றுக்குக் காவல்காரர். 'கடவத்தை' என்று இன்றும் நாம் சொல்லும் ஊர்ப் பெயர் அந்தக் காவல் வாசல்களின் மிச்சம்.

வீதி போடத் தெரியாமல் அப்படி விடவில்லை. அகலமான வழி இருந்தால் பீரங்கியும் படையும் வரும் என்று தெரிந்தே மன்னர்கள் பாதையை ஒடுக்கமாக வைத்திருந்தார்கள். கரையோரத்தைப் பிடித்த போர்த்துக்கேயரால் கண்டியைப் பிடித்து வைத்திருக்க முடியவில்லை. 1638இல் கன்னொறுவையில் அவர்களுடைய படை அழிந்ததற்கு இந்த மலையும் காடும் ஒரு காரணம்.

*தவளம் மாடுகளின் மணியோசை*

வண்டி போக முடியாத அந்தப் பாதைகளில் உப்பும் கருவாடும் புடவையும் எப்படிக் கண்டிக்கு வந்தன? பொதி மாடுகளில். இரண்டு பக்கமும் மூட்டை தொங்க, கழுத்தில் மணி கட்டி, வரிசையாகப் போகும் மாட்டுக் கூட்டத்துக்குத் தவளம் என்று பெயர். திரும்பும்போது பாக்கும் மிளகும் இறங்கின. இந்தத் தொழிலில் முன்னணியில் இருந்தவர்கள் முஸ்லிம்கள்.

அரசனுடைய போக்குவரத்துக்கென்றே 'மடிகே பத்த' என்ற பிரிவு இருந்தது. அதிலும் நம் முன்னோர் பெருமளவில் சேவை செய்தார்கள். குருநாகல் மாவட்டத்து மடிகே மிதியால என்ற முஸ்லிம் ஊரின் பெயரில் அந்த 'மடிகே' இன்னும் உயிரோடு இருக்கிறது.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறோம்? 2018 மார்ச்சில் திகனையிலும் தெல்தெனியவிலும் நடந்ததை நாம் யாரும் மறக்கவில்லை. "நேற்று வந்தவர்கள்" என்ற பேச்சை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறோம். அதற்குக் கோபமான பதில் தேவையில்லை. இந்த மலைகளின் உப்பு யார் முதுகில், யார் மாட்டில் வந்தது என்ற வரலாறு போதும். ஆனால் அந்த வரலாற்றை நம் பிள்ளைகளே அறியாவிட்டால், அதை யார் சொல்லப் போகிறார்கள்?

*கூலி இல்லாமல் போட்ட வீதி*

1815இல் கண்டி ஆங்கிலேயர் கைக்குப் போனது. ஒடுங்கிய பாதை இருக்கும் வரை இந்த நாட்டை அடக்க முடியாது என்று அவர்களுக்கும் விளங்கியது. ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில் கொழும்பு–கண்டி வீதி போடப்பட்டது. கடுகண்ணாவையில் நாம் பஸ்ஸில் கடந்து போகும் கோபுரம், அந்த வீதியில் வேலை செய்து 1829இல் இறந்த பொறியியலாளர் கப்டன் டோசனுக்காக 1832இல் கட்டியது.

டோசனுக்குக் கோபுரம் இருக்கிறது. கல் உடைத்தவர்களுக்கு ஒன்றும் இல்லை. அவர்கள் இராஜகாரியம் என்ற கட்டாய ஊழியத்தில் பிடித்து வரப்பட்ட சிங்களக் கிராமத்து மக்கள். கூலி கிடையாது. அந்த முறை ஒழிந்ததும் அதே 1832இல்தான்.

*கோப்பியும் கொழுந்தும்*

வீதிக்குப் பின்னால் கோப்பி வந்தது. கோப்பிக்குப் பின்னால் தென்னிந்தியாவிலிருந்து தொழிலாளர் வந்தார்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்தே வந்தார்கள். காய்ச்சலிலும் கொலராவிலும் ஆயிரக்கணக்கானோர் வழியிலேயே மௌத்தானார்கள். 2023இல், மலையகத்துக்கு 200 ஆண்டு என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மக்கள் நடைபயணம் போனது அந்த வழியை நினைவுகூரத்தான்.

1867இல் ரயில் கண்டிக்கு வந்தது. அதே ஆண்டு லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். 1869இல் கோப்பியில் இலைத்துரு நோய் தோன்றி, இருபது வருடங்களுக்குள் கோப்பி அழிந்தது. மலை முழுக்கத் தேயிலையாக மாறியது. நம் பிள்ளைகள் இன்று சைக்கிள் ஓடும் பாதைகளில் பெரும்பகுதி அப்போது வெட்டியவை: தொழிற்சாலைக்குக் கொழுந்து போன ரோட்டு, லயத்திலிருந்து மலைக்குப் போன குறுக்குப் பாதை, கங்காணி ஆள் எண்ணிய இடம். மண்வெட்டியால், கையால் வெட்டியவை. வெட்டியவர்களின் பிள்ளைகளையே 1948இல் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது.

இன்று ஹந்தானை தேயிலை அருங்காட்சியகத்தில் தொடங்கி 300 கிலோமீற்றருக்கு மேல் போகும் 'பீக்கோ ட்ரெயில்' 22 கட்டங்களாக உலகப் பயணிகளை அழைக்கிறது. அதுவும் பெரும்பாலும் இதே தோட்டப் பாதைகள்தான். மலையகத்துக்கு வருமானம் வந்தால் நல்லது. அந்த வருமானத்தில் லயத்து வாசலுக்கு எவ்வளவு வந்து சேர்கிறது என்று கேட்கவும் வேண்டும்.

*பிள்ளைகளுக்குச் சில வார்த்தைகள்*

ஓடுங்கள். யாரும் தடுக்கவில்லை. ஆனால் இவற்றையும் யோசியுங்கள்.

தோட்டத்துக்குள் போகுமுன் அனுமதி கேளுங்கள். நீங்கள் 'ட்ரெயில்' என்று சொல்வது ஒருவருக்கு வேலைக்குப் போகும் வழி, இன்னொருவருக்குப் பள்ளிக்கூடம் போகும் வழி. கொழுந்துக் கூடையோடு வரும் அக்காவைக் கண்டால் இறங்கி வழி விடுங்கள். பாரம் அவர் முதுகில், உங்கள் முதுகில் இல்லை.

மழை நாளில் ஓடாதீர்கள். மலையில் குறுக்காக வெட்டியிருக்கும் கான்கள் மண் அரிப்பைத் தடுக்க வெட்டியவை. ஈர மண்ணில் பிரேக் பிடித்து இழுத்தால் கரை உடையும். உடைந்த இடத்தால் தண்ணீர் பாய்ந்தால் கீழே இருப்பது யாரோ ஒருவரின் வீடு. நக்கிள்ஸ் 2000ஆம் ஆண்டிலிருந்து பாதுகாக்கப்பட்ட வனம், 2010இலிருந்து உலக மரபுரிமை. அங்கே வனத் திணைக்களத்தின் அனுமதியோடு, அவர்கள் விடும் வழியில் மட்டும் போங்கள்.

தண்ணீர்ப் போத்தலைத் தூக்கி வீசாதீர்கள். பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவதும் ஈமானில் ஒரு பகுதி என்று மத்ரஸாவில் படித்தவர்கள் நீங்கள். தேத்தண்ணியைத் தோட்டத்துக் கடையிலேயே குடியுங்கள்.

கடைசியாக ஒன்று. படம் போடும்போது அந்த இடத்தின் பழைய பெயரையும் போடுங்கள். தெரியாவிட்டால் லயத்தில் இருக்கும் தாத்தாவிடமோ, கீழே கிராமத்து ஆச்சி அம்மாவிடமோ, உங்கள் வீட்டு மூத்தப்பாவிடமோ கேளுங்கள். ஒரே கல்லுக்கு மூன்று பேரும் மூன்று பெயர் சொல்லலாம். மூன்றையும் எழுதுங்கள். நம்மை நேற்று வந்தவர்கள் என்று சொன்னால் நமக்கு நோகிறது. அப்படியானால் மற்றவர் வெட்டிய பாதையை நாம் கண்டுபிடித்ததாக எழுதுவது எப்படி நியாயமாகும்?

தவளம் போன பாதை, பழைய மாட்டுப்பட்டி, குறுக்குப் பாதை என்று உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொன்ன இடங்கள் இருந்தால் கீழே எழுதுங்கள். வகுப்பில் பிள்ளைகளோடு சேர்ந்து ஒரு வரைபடம் போடலாம் என்றிருக்கிறோம். சொல்பவர்கள் நம்மோடு இருக்கும்போதே எழுதி வைத்துக்கொள்வோம், இன்ஷா அல்லாஹ்.