திருவாரூர்க் கணக்கும் புதுவை மேகமும்

கிரகணத்தையும் மழையையும் ஒரே புத்தகத்தில் முன்னுரைப்பது பஞ்சாங்கம். சித்திரை முதல் நாளில் தஞ்சைத் தரணியின் கோயில்களில் அது வாசிக்கப்படும்போது, அவ்வாண்டு மழை எத்தனை மரக்கால், அதில் கடலுக்கும் மலைக்கும் நாட்டுக்கும் பங்கு எவ்வளவு என்பதை உழவர் கூர்ந்து கேட்பர். மார்கழியில் மேகம் கருக்கொள்ளும் விதத்தைக் கண்டு வரும் ஆண்டின் மழையைச் சொல்லும் கர்ப்போட்டமும் அத்தகையதே. நம் கத்தோலிக்க உழவரும் இதற்கு விலக்கல்லர். திருப்பலிக்கு வந்த கையோடு பஞ்சாங்கச் செய்தியையும் நம்மிடம் சொல்லிச் சென்றோர் பலர். நாம் கடிந்துகொண்டதில்லை. விதைநெல்லைக் கையில் வைத்துக்கொண்டு வானத்தைப் பார்ப்பவரின் கவலை அது.

இந்நம்பிக்கையை மூடத்தனம் என்று ஒரே சொல்லில் தள்ளிவிட வரலாறு இடந்தருவதில்லை. பிரெஞ்சு வானியலார் லெ ழாந்தியின் கதையைக் காண்போம். இளமையில் திருச்சபைப் பணியை நாடிப் பின்னர் விண்மீன்களிடம் சென்றவர் அவர். (இத்தகையோரை நம் குருமடங்களும் அறியும்.) சூரியனைக் கடந்து செல்லும் வெள்ளிக் கோளைப் புதுச்சேரியிலிருந்து காண 1760இல் புறப்பட்டார். வழியிலேயே புதுச்சேரி ஆங்கிலேயர் வசமாயிற்று. 1761 ஜூன் 6ஆம் நாள், அசையும் கப்பல் தளத்தில் நின்றபடி, அளக்க இயலாமல் அக்காட்சியைக் கண்டார். அடுத்த வாய்ப்பு 1769இல்தான். அதற்காகக் காத்திருந்து, 1768இல் புதுச்சேரி வந்து சேர்ந்தார்.

காத்திருந்த காலத்தில் அவர் தமிழ்க் கணிதரிடம் பாடம் கேட்டார். எழுதுகோல் இல்லை. மனப்பாடமான வாக்கியங்களைச் சொல்லி, தரையில் சோழிகளை நகர்த்திக் கிரகணத்தைக் கணித்தனர். 1765 ஆகஸ்டு 30ஆம் நாள் நிகழ்ந்த சந்திர கிரகணத்தின் நீடிப்பில் தமிழ்க் கணக்கின் பிழை 41 நொடி. ஐரோப்பாவின் புகழ்பெற்ற மாயர் அட்டவணையின் பிழை 68 நொடி. லெ ழாந்தி கொண்டு சென்ற கணக்கு அங்கே 'திருவாரூர் அட்டவணை' என்றே பெயர் பெற்றது. அதற்கு முன்பே 1750இல், இயேசு சபைக் குரு துஷாம்ப் கிருஷ்ணபுரத்துக் கணக்குகளைப் பிரான்சுக்கு அனுப்பியிருந்தார் என்பதும் நினைக்கத்தக்கது.

1769 ஜூன் 4ஆம் நாள் விடிந்தது. வெள்ளி தன் நேரத்தில் தவறவில்லை. ஆனால் புதுவை வானை மேகம் மூடியிருந்தது! கோள் வரும் நேரத்தைக் கணித்தவர்க்கு மேகம் வருவது தெரியவில்லை. ஒன்றும் காணாமல் 1771இல் பிரான்சு திரும்பியவர், தாம் இறந்துவிட்டதாகக் கருதப்பட்டு, கழகத்தில் தம் இடமும் பிறருக்குத் தரப்பட்டதை அறிந்தார்.

கிரகணம் ஈட்டிய நற்பெயரை மழை செலவழித்தது என்றே நாம் கருதுகிறோம். நிழலை நொடிக் கணக்கில் சொன்னவர் மழையையும் அறிவார் என்று ஊர் நம்பிற்று, கணிதரும் மறுக்கவில்லை. இது பஞ்சாங்கக்காரர் மட்டும் செய்த பிழையும் அன்று. 1904 முதல் 1924 வரை இந்திய வானிலைத் துறைக்குத் தலைமை தாங்கிய கில்பர்ட் வாக்கர் பெருங்கணித மேதை. பருவமழையை முன்னறிய உலகெங்குமுள்ள காற்றழுத்தப் பதிவுகளை ஒப்பிட்டார்; பசிபிக், இந்தியப் பெருங்கடல்களுக்கிடையே அழுத்தம் ஊசலாடுவதைக் கண்டறிந்தார். பருவமழையோ அவர் கணக்குக்குள் அடங்கவில்லை.

காவிரிக் கரையில் சிக்கல் இன்னும் ஒரு படி அதிகம். மேட்டூர் அணை 1934இல் நிறைவுற்றபின் உழவர் கண் அணையின் நீர்மட்டத்திற்குத் திரும்பியது. அணையை நிரப்பும் மழை பெய்வதோ குடகு மலையில். குறுவைக்கு நாற்று விடுபவர் தம் தலைக்கு மேலுள்ள வானத்தைப் பார்த்துப் பயன் என்ன?

புயலில் மட்டும் முன்னறிவிப்பு மெய்யாகவே வளர்ந்துள்ளது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடக்கும் முன்னரே எச்சரிக்கை வந்தது. பல்லாயிரவர் முகாம்களுக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். அன்று மாலை கோயில் மண்டபத்தில் பாயை விரித்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் நம்மிடம் கேட்டார்: "மாட்டை அவுத்து விட்டுட்டேன் சாமி. தென்னையை எங்கே கொண்டுபோய்க் கட்டுறது?"

விடிந்தபோது அவர் தோப்பில் நான்கு மரங்கள் நின்றன.